நூலின் மறுமுனை

சங்கரன்கோவில்
11-3-1979

சுந்தரம்மாளுக்கு மதினி மாரித்தாய் எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டுக்கார அண்ணனும் பிள்ளைகளும் பம்பாயில் நோய்நொடி இல்லாமல் இருக்க கோமதி அம்மாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறேன்.

பதினாறாம் நாள் முடிந்துவிட்டது. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு நீ ரயில் ஏறி வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். உன்னை ஒருத்தரும் குறை சொல்லவில்லை. உன் அண்ணன் அன்றைக்குக் காலையில் மில்லிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "ஒரு செம்புத் தண்ணி கொண்டாட்டி" என்றார். நான் கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அந்தச் செம்பை இன்னும் நான் விளக்கவில்லை.

பதினாறு அன்று என் கயிற்றைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். மறுநாள் மில் வாட்ச்மேன் வந்து, அவர் வேலை பார்த்த ஃபேன் ரூமில் ஆணியில் தொங்கியது என்று உன் அண்ணன் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். பையில் ஒரு துண்டு சாக்பீஸ், கொஞ்சம் பஞ்சு, காகிதத்தில் சுற்றிய ஒரு மஞ்சள் கயிறு. தாலிக்கயிறுதான். புதுசு இல்லை. நைந்து, வியர்வை ஏறி, நடுவில் ஒரு முடிச்சு. யாரோ ஒருத்தி கழுத்தில் கிடந்த கயிறு. கிரீஸும் பட்டிருந்தது. அவர் பையில் கிடந்தால் எதில்தான் கிரீஸ் படாது.

அது என்னுடையது இல்லை. ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு நான் கயிறு மாற்றுவேன். பழசை உன் அண்ணன் வாங்கிக்கொண்டு போய், கால் படாமல் கோயில் தெப்பத்தில் போட்டுவிடுவார். அப்படியானால் இது யாருடையது?

இன்னொன்று. உங்கள் ஒன்றுவிட்ட மாமன் மகள், பனவடலிசத்திரத்து ஆவுடைத்தங்கம், மில்லில் உன் அண்ணனுக்குக் கையாளாக நின்றவள். அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு "அத்தான், அத்தான்" என்று அழுதாள். பொண்டாட்டி எவள் என்று வந்தவர்கள் முழித்தார்கள். நீ கூடப் பிறந்தவள். உனக்குத் தெரிந்ததை எனக்கு எழுது.

குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்.

மாரித்தாய்


பம்பாய், தாராவி
2-4-1979

என் மதினிக்கு சுந்தரம் கைகூப்பி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். சின்னவளுக்குச் சளி, மருந்து கொடுக்கிறேன். நீங்கள் நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிடுங்கள். எனக்காகச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தை அவுக வாசித்துக் காட்டினாக. செம்பு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாக. மீதியை நானே வாசித்தேன். என் அண்ணன் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். அதை நினைத்தால் உங்கள்மேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது மதினி. தப்பாக நினைக்காதீர்கள்.

கயிறு ஏதாவது சாமிக்கு நேர்ந்ததாக இருக்கும். மில்லில் உங்களுக்கு வேலை தருவதாக அவுக கேள்விப்பட்டாக. தந்தால் மாட்டேன் என்று சொல்லாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தால் சுவர் பேசும்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. தண்ணீர்க் குழாயில் தினமும் சண்டை.

சுந்தரம்மாள்


சங்கரன்கோவில்
10-4-1979

சுந்தரம்மாளுக்கு, உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குச் சளி தேவலையா? தூதுவளை அங்கே கிடைக்காது, கர்ப்பூரவல்லி கிடைத்தால் சாறு கொடு.

வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய், குழாய்ச் சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆவுடைத்தங்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்டது உனக்குக் காதில் விழவில்லையா, விழுந்தும் விழாத மாதிரி இருக்கிறாயா?

மில் மேஸ்திரி ஞானதுரை வீட்டுக்கு வந்தார். வேஸ்ட் காட்டன் ரூமில் உட்கார்ந்து பஞ்சு பிரிக்கிற வேலை தருகிறோம் என்றார். நான், ஃபேன் ரூம் வேண்டும் என்றேன்.

"அங்க ஏற்கெனவே அந்த ஆவுடைப் பிள்ள நிக்காள, மாரி."

"அவ பதிலிதானே அண்ணாச்சி?"

"பதிலிதான். நீ வந்தா அவ வெளிய போணும். ரெண்டு பிள்ளக்காரி. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். எம் புருசன் நின்ன எடத்துல நான் நிக்கேன்."

அவர் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஷிப்டு விடுகிற நேரத்தில் மில் கேட்டில் போய் நின்றேன். தலையெல்லாம் பஞ்சோடு ஆவுடை வந்தாள். அந்தக் கயிற்றை அவள் முகத்தில் எறிந்தேன். "இந்தா ஏட்டி, ஒஞ் சாமான். எடுத்து ஒங் கழுத்துலயே கட்டிக்கோ" என்றேன். நூறு பேர் பார்த்தார்கள். ஏதாவது சொல்வாள், ஒரு கை பார்த்துவிடலாம் என்று நின்றேன். அவள் குனிந்து கயிற்றை எடுத்தாள், மண்ணை ஊதினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணில் ஒற்றிக்கொண்டாள் சுந்தரம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வீட்டுக்காரரை ரயில்வே லைன் தாண்டும்போது பார்த்துத் தாண்டச் சொல்.

மாரித்தாய்


சங்கரன்கோவில்
6-5-1979

சுந்தரம்மாளுக்கு, உன்னிடமிருந்து பதில் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையோ என்று கவலையாக இருக்கிறது. அது இல்லை என்றால் வேறு கவலை.

நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். உன் அண்ணன் இத்தனை வருஷம் என்ன செய்தார் என்று இப்போதுதான் பார்க்கிறேன். கேட்டால் "பெல்ட்டு மாத்துனேன்" என்பார், வேறொன்றும் சொல்ல மாட்டார். என்னிடம் பேசியது உப்பு இருக்கா, புளி இருக்கா என்பதுதான்.

ஆள் உயரத்துக்கு மூன்று விசிறி. பஞ்சு அரைக்கிற இடத்தில் கிளம்புகிற தூசியை இழுத்து வெளியே தள்ளும். அவை நின்றால் உள்ளே வேலை செய்கிற பெண்களுக்கு மூச்சு முட்டிவிடும். ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு பெரிய சக்கரம், அதைப் புல்லி என்கிறார்கள். பக்கத்தில் மோட்டாருக்கு ஒரு சின்னப் புல்லி. இரண்டையும் மூன்று பெல்ட் சேர்த்து இழுக்கும். பெல்ட் மாற்றும்போது முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பத்திரமான ஒருத்தர் கையில் கொடுக்க வேண்டும். பிறகு மோட்டாரை முன்னால் தள்ளி பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஒன்று அறுந்தாலும் மூன்றையும் மாற்ற வேண்டுமாம். பழசு இரண்டோடு புதுசு ஒன்றைப் போட்டால், பழசு தளர்ந்து சும்மா சுற்றும், பாரம் அத்தனையும் புதுசு தலையில் விழும் என்றார் மேஸ்திரி.

ஆவுடையை நிறுத்திவிட்டார்கள். அவள் தண்ணீர் குடிக்கிற தம்ளர் உன் அண்ணன் தம்ளரோடு ஒரே பலகையில் கவிழ்ந்திருந்தது. அவளுடையதை எடுத்து வெளியே வைத்தேன்.

பெல்ட் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாம் நம்பர் விசிறியில் போட்ட புதுசு வாரம் தாண்டவில்லை, ஓரம் தேய்ந்து கறுப்பு மாவாகக் கொட்டுகிறது. உன் அண்ணன் இருக்கும்போது இப்படி இல்லையாம். அவருக்கும் எனக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரியும் என்று தோன்றுகிறது.

நீ எழுதாமல் இருக்க இருக்க எனக்குக் கற்பனை பெருத்துப்போகிறது. தெரிந்ததை எழுதிவிடு. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

மாரித்தாய்


பம்பாய், தாராவி
28-5-1979

மதினிக்கு, நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை அறியத்தான் பயமாக இருக்கிறது.

இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதாக இது. மறைக்கிறேன் என்று நீங்கள் நினைப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது என்று அவுகளும் சொன்னாக.

உங்களைக் குருவிகுளத்தில் பெண் பார்ப்பதற்கு முன்னால், எங்கள் அம்மா ஆவுடையைத்தான் அண்ணனுக்குக் கேட்டாள். முறைப்பெண் இருக்கும்போது வெளியே எதற்கு என்று. மாமா கொடுக்கவில்லை. மில் கூலிக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஊர் கூடிய இடத்தில் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டான். பிறகு உங்களைக் கட்டினான். அம்மா, "இதை மாரி காதில போட்டா நாக்க அறுத்துருவேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அம்மாவும் போய்விட்டாள்.

கடைசியில் அவளுக்கு வாய்த்தவனும் மார்க்கெட்டில் மூட்டைதான் தூக்குகிறான். கஷ்டப்படுகிறாள் என்று அண்ணன்தான் மில்லில் சொல்லிச் சேர்த்துவிட்டான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்குமேல் ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இல்லை என்று அடித்துச் சொல்லவும் நான் அங்கே இல்லை.

கோபத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுந்தரம்மாள்


சங்கரன்கோவில்
5-6-1979

சுந்தரம்மாளுக்கு, சுகம்.

ஒரு வாரம் சாப்பிடவில்லையா? எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது மூன்று வேளையும் சாப்பிட்டாரே.

கல்யாணத்தில் நீதான் எனக்குப் பூ வைத்துவிட்டாய். தலையைக் கோதிக்கொண்டே "எங்க அண்ணன் குடுத்து வச்சவன் மதினி" என்றாய். எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு. உங்கள் வீட்டில் நான் அந்தப் புது பெல்ட்டுதான். பழசு எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, பாரம் என் தலையில். அதுவும் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை பிறந்திருந்தாலாவது அவர் யாருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதுவும் இல்லை. அவளுக்கு இரண்டு.

நீ இனிமேல் எழுத வேண்டாம்.

மாரித்தாய்


பம்பாய், தாராவி
20-6-1979

மதினி, எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

சின்னவள் குப்புற விழுகிறாள். இங்கே மழை தொடங்கிவிட்டது, வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர்.

பெரியவளுக்குக் காது குத்தும்போது அண்ணன் இங்கே வந்து பத்து நாள் இருந்தான் இல்லையா. அத்தனை நாளும் விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பான். ஏண்ணே தூங்கலியா என்றால், "எப்பிடிட்டி தூங்க? பகலெல்லாம் ஃபேன் சத்தம், வீட்டுக்கு வந்தா ஒங்க மதினி கொறட்ட. ரெண்டும் இல்லாம காது சும்மா கெடந்தா பயமா இருக்கு" என்றான். அவுக இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாக.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொன்னேன். அவன் இங்கே ஆவுடை பெயரை எடுக்கவில்லை. உங்கள் குறட்டையைத்தான் எடுத்தான்.

சுந்தரம்


சங்கரன்கோவில்
9-7-1979

சுந்தரம்மாளுக்கு மதினி எழுதுவது. மழைத்தண்ணீரில் பிள்ளைகளை விளையாட விடாதே, காலில் சேற்றுப்புண் வரும். நான் குறட்டை விடுகிறேன் என்று உன் அண்ணன் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

கிழிக்கவில்லை.

போன வாரம் மூன்றாம் நம்பர் விசிறியில் மறுபடியும் பெல்ட் அறுந்தது. பெல்ட்டில் கோளாறு இல்லை, இரண்டு புல்லியும் நேருக்கு நேர் நிற்கவில்லை என்றார் மேஸ்திரி. நூல் பிடித்துத்தான் நேர் பார்க்க வேண்டுமாம். ஒருத்தர் மோட்டார் பக்கம் நூலின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் விசிறிப் பக்கம் மறுமுனையை இழுத்துப் பிடித்துக் கண்ணை ஒட்டிப் பார்க்க வேண்டும். சின்னப் புல்லியின் இரண்டு ஓரம், பெரிய புல்லியின் இரண்டு ஓரம், ஆக நாலு இடத்திலும் நூல் தொட்டால் நேர். ஓரிடம் விட்டால்கூட பெல்ட் கோணலாக ஓடித் தேயும்.

நானும் அவரும் வெள்ளை நூலைப் பிடித்துப் பார்த்தோம். அந்த அறையில் சுவர், தரை, இரும்பு எல்லாம் பஞ்சு படிந்து வெளுத்துக் கிடக்கிறது. வெள்ளை நூல் எங்கே தொடுகிறது, எங்கே விடுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இழுக்க இழுக்க அது நீளவும் செய்தது. மேஸ்திரி நூலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா மாரி, ஒம் புருசன் கோமதிநாயகம் ஒரு மஞ்சக் கயிறு வச்சிருப்பானே, அது எங்க?"

"எந்தக் கயிறு அண்ணாச்சி?"

"தாலிக்கயிறுதான். நான்கூடக் கேட்டேன், ஏன் வே, நூல் மில்லுல இருந்துக்கிட்டு ஒமக்கு நூலுக்கா பஞ்சம்னு. அதுக்கு அவன், 'அண்ணாச்சி, வெள்ள நூலு இந்தப் பஞ்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாது. புது நூலு நீளும். இது எம் பொண்டாட்டி கழுத்துல வருசம் பூரா கெடந்தது. நீள வேண்டியதெல்லாம் நீண்டாச்சு, இனிமே நீளாது'ன்னான். ஆடி முடிஞ்சா புதுசாக் கழட்டுனது ஒன்னு கொண்டாருவான். ஒன்னு எட்டாதுன்னு ரெண்டு வருசக் கயித்தச் சேத்து முடிஞ்சு வச்சிருப்பான். முடிச்சு நடுவுல தொங்கும், புல்லியில படாது."

அது என் கயிறு சுந்தரம். வருஷா வருஷம் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார். வந்ததும், "போட்டாச்சா?" என்று கேட்பேன். "ஆவுடையில போட்டாச்சு" என்பார், சிரிப்பார். நம் கோயில் தெப்பத்துக்கு ஆவுடைப் பொய்கை என்று பேர் இருப்பதால் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டேன். எந்த ஆவுடை என்று ஒரு வருஷமும் கேட்டதில்லை.

பதினாறு அன்று கழற்றியது பாலோடு போய்விட்டது. நான் அவருக்குப் பொண்டாட்டியாக இருந்ததற்கு மிச்சம் அந்த நைந்த கயிறு ஒன்றுதான். அதை நானே கொண்டுபோய், கட்டிக்கோ என்று அவளிடம் எறிந்துவிட்டேன்.

அவள் கையில் இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. ஒரு வருஷம் என் கழுத்தில் கிடந்தது, பிறகு அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை. நான் எந்த முனையிலும் இல்லை.

போய்க் கேட்கவா? நீ சொல்லி முடிப்பதற்குள் நான் போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.

மாரித்தாய்


சங்கரன்கோவில்
22-7-1979

சுந்தரம்மாளுக்கு, எல்லோரும் சுகம்தானே. இங்கே ஆடி பிறந்து காற்று மண்ணை வாரி அடிக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கடைகள் வரத் தொடங்கிவிட்டன.

ஆவுடை வீட்டுக்குப் போனேன். வாசலில் ராட்டினம் போட்டுத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கூலிக்குச் செய்கிறாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்க யக்கா. இன்னும் எறியதுக்கு என்ன கொண்டாந்திருக்கிய?"

"அந்தக் கயிறு வேணும்."

"எந்தக் கயிறு? கட்டிக்கோன்னு குடுத்தியளே, அதுவா?"

"ஏட்டி, அது எங் கயிறு."

ராட்டினத்தை நிறுத்தினாள். "இப்பத்தான் தெரிஞ்சிதாக்கும்? எனக்கு மொத வருசமே தெரியும்."

உள்ளே போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். சீயக்காய் போட்டு அலசியிருக்கிறாள், கிரீஸ் இல்லை. என் கையில் வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பேச்சை நிறுத்தவில்லை.

"அத்தான் அழுக்குக் கையில தர மாட்டாக யக்கா. பஞ்ச எடுத்து நல்லாத் தொடச்சிட்டுப் பிடிட்டி, அது அவ கயிறும்பாக. எத்தன தடவ பிடிக்கனோ அத்தன தடவையும் அத நான் கேக்கணும். அவ கயிறு, அவ கயிறுன்னு. எரியாதா எனக்கு?"

"ஒனக்கு என்னட்டி எரிச்ச?"

"என்னத்தான மொதல்ல கேட்டு வந்தாக. எங்கய்யாதான் மாட்டேன்னாரு. நான் மாட்டேன்னு சொல்லலிய."

கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். அவளே சொன்னாள்: "பெல்ட்டு மாத்தையில ஃபியூஸ் கட்டயப் பிடுங்கி எம் மடியிலதான் போடுவாக. யாராவது தெரியாமச் சொருகிட்டா கை போயிருமில்லா. அந்த ஃபியூஸ் கட்டயத் தவிர வேற ஒன்னும் எம் மடிக்கு வந்ததில்ல. நம்புனா நம்புங்க, நம்பாட்டாப் போங்க."

நம்பினேன் சுந்தரம். நம்பினால் எரிச்சல் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன், அடங்கவில்லை. அவர் உயிர் தினமும் அவள் மடியில் இருந்திருக்கிறது. என்னிடம் இருந்தது உப்பும் புளியும்.

எழுந்து வரும்போது, "மூணாம் நம்பர் ஃபேன் இன்னும் கத்துதா?" என்று கேட்டாள். கத்துகிறது என்றேன். "கத்தட்டும்" என்றாள்.

கயிறு என்னிடம் இருக்கிறது. வைக்கோல் மாதிரி நைந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை இழுத்தால் அறுந்துவிடும்.

உன் வீட்டுக்காரருக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். பனங்கற்கண்டு வாங்கிக் கொடு.

மாரித்தாய்


பம்பாய், தாராவி
30-7-1979

மதினிக்கு, அவுகளுக்கு இருமல் குறைந்தது. நாங்கள் சுகம்.

கயிறு கிடைத்துவிட்டது என்று வாசித்ததும் அழுதேன். சந்தோஷம். ஆவுடையிடமிருந்து போன வேலைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முன்னால் ஒரு தடவை அவளைப் பற்றி நான் எழுதாமல் விட்டதற்கு என்னைத் திட்டினீர்கள். அதனால் நானும் கேட்கிறேன்.

சுந்தரம்


சங்கரன்கோவில்
9-8-1979

சுந்தரம்மாளுக்கு உன் மதினி எழுதுவது. உங்கள் நாலு பேருக்கும் கோமதி அம்மாள் துணை. தபசுக் காட்சி முடிந்தது. கோயில் புற்றுமண் எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது பம்பாய்க்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன். சின்னவள் நெற்றியில் பூசு.

நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஞானதுரை மேஸ்திரியிடம் போய், "நூல் பிடிக்க ரெண்டு பேர் வேணும் அண்ணாச்சி" என்றேன். "ஏன், நானும் நீயும் இல்லையா?" என்றார். "ஒங்க கை ஆடுது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் தரையைக் கூட்டிக்கொள்கிறேன், பெல்ட் வேலைக்கு அவளும் வரட்டும் என்று பேசி முடித்தேன். மறுபடியும் பதிலியாக எடுத்துவிட்டார்கள். பெண்கள் மூச்சு முட்டி வெளியே ஓடி வருவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது. அதற்காகத்தான். வேறு எதற்காகவும் என்று நினைக்காதே.

ஆடிப்பெருக்கு வந்தது. தெருவில் எல்லோரும் கயிறு மாற்றினார்கள். ஆவுடையும் மாற்றிவிட்டு, கழற்றிய பழசைக் கொண்டுவந்து நீட்டினாள். "யக்கா, இதுவும் வருசம் பூரா கெடந்ததுதான். நீளாது. ஒங்க கயித்தோட முடிஞ்சுக்கிடுவோமா?" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். "தெப்பத்துல போடு" என்றேன்.

அவள் கயிற்றோடு என் கயிற்றை முடிய எனக்கு மனசு வரவில்லை. நானே ஒன்று செய்தேன். மில் நூலை எட்டு மடிப்பாகத் திரித்தேன். மஞ்சள் அரைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தாலி அறுத்த வீட்டுல என்ன மஞ்ச அரைக்கிற சத்தம்?" என்றாள். "எம் மூஞ்சிக்கு இல்ல தாயி, மில்லு விசிறிக்கு" என்றேன். விரலெல்லாம் மஞ்சள் பிடித்துக்கொண்டது. கழுவினேன், போகவில்லை. போகாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நூல் காய்ந்ததும் உத்தரத்தில் கட்டி, அடியில் அம்மிக் குழவியைத் தொங்கவிட்டேன். முதலில் ஒரு சாண் இறங்கியது. பிறகு நாலு விரல். பிறகு நின்றுவிட்டது. என் கழுத்து ஒரு வருஷம் செய்ததைக் குழவி மூன்று நாளில் செய்துவிட்டது. என்ன, குழவிக்கு வலி இல்லை.

நேற்று மூன்றாம் நம்பருக்கு மூன்று பெல்ட்டும் புதுசாகப் போட்டோம். ஃபியூஸ் கட்டையை மேஸ்திரி பிடுங்கியதும் ஆவுடை பழக்கத்தில் மடியை ஏந்தினாள். நான் நடுவில் கையை நீட்டி வாங்கி என் மடியில் கட்டிக்கொண்டேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது. நூல் பிடித்தோம். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவில் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. மோட்டார் ஒரு நூல் அளவு வெளியே நின்றது. தட்டித் தட்டி உள்ளே தள்ளினார் மேஸ்திரி. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது இடமும் தொட்டதும் "நிறுத்துங்க" என்றேன். விசிறி ஓடியது. கத்தவில்லை.

பழைய கயிறு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை இனி யாரும் இழுக்க வேண்டாம்.

உன் அண்ணன் எப்போதும் விசிறிப் பக்கம் நின்று பார்ப்பாராம். அவள் மோட்டார் பக்கம் முனையைப் பிடிப்பாளாம். நேற்று அந்த விசிறிப் பக்கம் நான் நின்றேன். வேலை முடிந்து நூலைச் சுருட்டும்போது, "யக்கா, எனக்குப் பாத்துப் பாத்துப் பழக்கமாச்சு. அடுத்த தடவ நான் அந்தப் பக்கம் நிக்கட்டா?" என்று கேட்டாள். "நீ ஒன் பழைய பக்கமே நில்லுட்டி" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது. ஆனால் ஒரு நாளாவது அவளை அந்தப் பக்கம் நிற்க விடுங்கள் என்று மட்டும் எழுதாதே. அது அவர் நின்ற பக்கம். விட மாட்டேன்.

உன் மதினி
மாரித்தாய்